தறிக்குப் போட்ட மெத்தை

குமாரபாளையத்தில் மருதாசல சாமியின் மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கூடம், பின்னால் ஒரு சமையலறை. வாசலில் லாரிகள் போகிற சாலை. பக்கத்துச் சுவருக்கு அப்பால் பாவாயியின் விசைத்தறிக் கூடம்.

சாமிக்குத் தொண்டையில் அறுவை நடந்த பிறகு குரல் இறங்கிவிட்டது. உரக்கப் பேசினால் இருக்கிற குரலும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். மாலையில் கேட்க வருகிறவர்களில் முன்வரிசைக்கு மட்டும் ஏதோ காதில் விழும். பின்னால் இருப்பவர்கள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பிறகு தலையாட்டவும் வராமல் நின்றுபோனார்கள்.

செங்கோடனுக்கு அது பொறுக்கவில்லை. அவர் பஞ்சு மெத்தைக் கடைக்காரர். சாமியைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். மனைவி போன பிறகு சோறு இறங்காமல் கிடந்தவரை எழுப்பி உட்கார வைத்தது இந்தக் குரல்தான். அது முழுதாக அடங்குவதற்குள் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் சரியாகத்தான் கேட்டோமா என்ற சந்தேகம் வேறு அவரை அரித்தது.

கடையிலிருந்து பஞ்சைக் கொண்டுவந்தார். ஈரோட்டுச் சந்தையில் வாங்கிய நீலக்கோடு போட்ட உறைத்துணியில் திணித்துத் தைத்து, சுவர் முழுக்கத் தொங்கவிட்டார். கதவையும் விடவில்லை. மடம் படுத்துத் தூங்கப் போகிறதா என்று பார்த்தவர்கள் கேலி செய்தார்கள்.

அன்று மாலை சாமி பேசியபோது, சுவரில் மோதித் திரும்பிக் குழம்புகிற பேச்சு குழம்பவில்லை. செங்கோடன் நிம்மதியாகக் கண்ணை மூடினார். உடனே தறிச் சத்தம் கேட்டது. முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. கூடத்துக்குள் இருந்த எதிரொலி விலகியதும், தறியின் இடி ஒவ்வொன்றும் தரைவழியே வந்து தனித்தனியாக முதுகில் தட்டியது. நடுநடுவே லாரி ஹாரன்.

மறுநாள் காலை அவர் பாவாயியிடம் போய், மாலையில் தறியை நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் காரமாகவே சொன்னார். நிறுத்தினால் உங்கள் சாமி வந்து என் வீட்டில் உலை வைப்பாரா என்று அவள் கேட்டாள். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

செங்கோடன் திரும்பி வந்து சாமியின் முன்னால் உட்கார்ந்தார்.

"ஊர்ல இருக்கிற பஞ்செல்லாம் கொண்டாந்து வெச்சாலும் இந்தச் சத்தம் அடங்காதுங்களா சாமி? வேற எதைத்தான் வெக்கறது?"

சாமி அவருடைய கைப்பேசியை வாங்கினார். மணியை அடக்கி, அதிர்வு மட்டும் வருமாறு செய்து, மரப்பலகையின் மேல் வைத்தார். சமையல்காரரை அந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னார். பலகை முழுவதும் உறுமியது.

"அடக்குங்க" என்றார் சாமி.

செங்கோடன் ஒரு தலையணையை எடுத்துக் கைப்பேசியின் மேல் வைத்தார். உறுமல் நிற்கவில்லை. இன்னொன்றை வைத்து அழுத்தினார். பலகை உறுமிக்கொண்டே இருந்தது.

சாமி தலையணைகளை அப்புறம் எடுத்தார். தோளில் கிடந்த துண்டை மடித்துக் கைப்பேசிக்கு அடியில் வைத்தார். பலகை அமைதியானது.

செங்கோடன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "லாரிக்கு?" என்றார்.

சாமி ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து, மூடிய கதவின் அடியில் பிடித்தார். நேராக எழுந்த புகை சட்டென்று உள்பக்கமாக வளைந்தது.

"காத்து நுழையற வழியிலதான் சத்தமும் நுழையுது. அங்க பஞ்சு நிக்காதுங்க. கனமான கதவு வேணும். இடுக்குல ரப்பர் வேணும்."

"அப்ப நான் தெச்சதெல்லாம் வீணுங்களா?"

"நான் பேசறது சுவத்துல மோதாம உங்ககிட்ட வருதுல்ல? அதுக்கு உங்க பஞ்சைத் தவிர வேற எது ஆகும்?"

கதவு வேலையைச் செங்கோடன் முதலில் எடுத்துக்கொண்டார். வேண்டுமென்றே அதை இழுத்தடித்தார். தறிக்கு அடியில் ஒன்றை வைப்பதென்றால் பாவாயியின் வாசலில் மறுபடி போய் நிற்க வேண்டும். கதவு பொருந்தி, இடுக்கெல்லாம் அடைபட்ட பிறகு சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

தேய்ந்த லாரி டயரைத் துண்டு துண்டாக அறுத்து, கோணிப்பையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பாவாயி பையையும் அவரையும் பார்த்தாள்.

"ஏனுங்க மெத்தைக்காரரே, என் தறிக்கும் மெத்தை போட வந்தீங்களா?"

"ஆமாங்க அம்மிணி. அன்னைக்கு நான் பேசினது தப்பு. நீங்க தறியை எப்பவும் போல ஓட்டுங்க. இப்ப கொஞ்சம் தூக்கிக் குடுத்தாப் போதும்."

அவள் பையிலிருந்து ஒரு ரப்பர்த் துண்டை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். பிறகு தானே போய் மோட்டாரை நிறுத்தினாள். ஆட்கள் கடப்பாரையால் தறியை நெம்ப, செங்கோடன் எண்ணெயிலும் பஞ்சுத் தூசியிலும் மண்டியிட்டு ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ரப்பரை நுழைத்தார். அவர் தலைக்கு மேலே நீலக்கோட்டுத் துணி பாதி நெய்த நிலையில் நின்றது. வெள்ளை வேட்டி கறுப்பாகிவிட்டதைப் பார்த்துப் பாவாயி சிரித்தாள். டீ வாங்கிவரச் சொன்னாள்.

மறுநாள் மாலை அவள் முதல்முறையாக மடத்துக்கு வந்தாள். பிரசவத்துக்கு வந்த மகளின் குழந்தை, தறி இடிக்கும்போதெல்லாம் தொட்டிலில் திடுக்கிட்டு அழுதுகொண்டிருந்ததாம். நேற்றிலிருந்துதான் அசந்து தூங்குகிறதாம். கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பைச் சாமியின் முன்னால் வைக்காமல் செங்கோடனின் முன்னால் வைத்தாள். அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அன்று அவர் வேண்டுமென்றே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சாமி பேசினார். மூச்சைவிடச் சற்றே பெரிய குரல். அதன் ஒவ்வொரு சொல்லும் கடைசிச் சுவர்வரை வந்தது. செங்கோடன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கூடம் அடங்கியிருந்தது. கூர்ந்து கேட்டால் மட்டும், கோழி மண்ணைக் கிளறுவது போலத் தறியின் ஓசை.

"சாமி, உங்க புண்ணியத்துல எல்லாம் அடங்கிருச்சுங்க. இன்னும் ஒரு கொஞ்சம்தான் கேக்குது. அதுக்கு என்ன வெக்கறதுங்க?"

சாமி எழுந்துபோய், சுவரில் தொங்கிய மெத்தையின் உறையைக் கையால் தடவினார்.

"இது எந்தத் தறியில நெய்ஞ்ச துணிங்க?"

"ஈரோட்டுச் சந்தையில வாங்கினதுங்க. எந்தத் தறின்னு…"

செங்கோடன் எழுந்து கிட்டே போனார். நீலக்கோட்டைப் பார்த்தார். தான் மண்டியிட்டிருந்தபோது தலைக்கு மேலே நின்ற துணி நினைவுக்கு வந்தது. கையை மெல்ல அதன் மேல் வைத்தார்.

"பாவாயி தறிங்க சாமி."

"அப்ப, அந்தக் கொஞ்சம் கேக்கட்டுமுங்க" என்றார் சாமி.