இளவரசியைச் சுற்றி எட்டு முக்கோணம்

புரியாத ஒன்றை "ஆகா!" என்று புகழ்ந்துவிட்டு நீங்கள் என்றைக்காவது மாட்டிக்கொண்டதுண்டா? உமையாள் மாட்டிக்கொண்டாள்.

மலையமாறன் ராஜாவின் சபையில் பேச்சுக்குப் பேர்போனவள் அவள். சாமர்த்தியமெல்லாம் வாயில்தான். ஐந்து புள்ளிக் கோலம் போட்டாலே நண்டு ஓடின மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்டவள், "இவன் கை தெய்வக் கை" என்று மாசிலன் என்ற ஓவியனைச் சபைக்குக் கூட்டிவந்தாள். கைக்குழந்தை இளவரசியை வரையச் சொன்னார் ராஜா.

வரைந்தான். நடுவில் குழந்தை. சுற்றிலும் எட்டு முக்கோணம், ஒரு கோணல் வட்டம், கறுப்பும் சிவப்புமாய்த் தீற்றல்.

"என் மகளை ஓட்டுச் சில்லுக் குவியலில் உட்காரவைத்திருக்கிறான்!" தொந்தி குலுங்கக் கொதித்தார் ராஜா. "உமையாள், நீ கூட்டிவந்த ஆள். அர்த்தம் சொல். இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் அவன் நாட்டைவிட்டுப் போகட்டும்!"

"கைக்கு வந்தது அக்கா, வாய்க்கு வரல" என்று நின்றான் மாசிலன்.

புலவர் அகோரனார் முந்திக்கொண்டார். "முக்கோணம் எட்டும் எட்டுத் திசை!"

"இல்லை, எட்டுப் பகை நாடு!" என்றார் அமைச்சர்.

உமையாள் திருதிருவென்று விழித்தாள். இடுப்பிலிருந்த அவள் பிள்ளை சிணுங்கியது. புலவர் திரும்பினார். "ஏனம்மா, பிள்ளை கன்னத்தில் இவ்வளவு கரி?"

"திருஷ்டிப் பொட்டுங்க ஐயா. வைக்கிறவள் நானாச்சே, அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளை முகம் எப்படி?"

"முகமா? நான் பொட்டைத்தான் பார்த்தேன்."

உமையாளுக்குப் பளிச்சென்றது. ஓடிப்போய் முந்தானையை விரித்துப் படத்தை மறைத்தாள்.

"மகாராஜா, படத்தில் இளவரசி சிரிக்கிறாரா, அழுகிறாரா?"

ராஜா தாடையைச் சொறிந்தார். சபையில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

"முக்கோணம் எத்தனை?"

"எட்டு!" சபையே கத்தியது.

"அதுதான் அர்த்தம். என் பிள்ளைக்கு ஒரு பொட்டு போதும். இளவரசிமேல் ஊர்க்கண்ணே விழுமே! அதனால்தான் இத்தனை. காலையிலிருந்து ஒரு கண்ணும் குழந்தைமேல் படவில்லை. நானும் பிள்ளை பெற்றவள்தான், நானே பார்க்கவில்லை!"

"அப்படியா அக்கா?" என்று கிசுகிசுத்தான் மாசிலன்.

"பேசாமல் கும்பிடுடா!"

ராஜா முந்தானையை விலக்கிப் பார்த்தார். பொக்கை வாய் திறந்து மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவரும் சிரித்துவிட்டார். கைக் காப்பைக் கழற்றி மாசிலனுக்குப் போட்டார். பிறகு அவன் காதருகே குனிந்தார்.

"தம்பி, அடுத்தது என் படம். தொந்தியைச் சுற்றி மட்டும் இருபது முக்கோணம் போட்டுவிடப்பா."