குணவதியின் சிவப்புக் கயிறு

"எனக்குக் குரல் வராது, டீச்சர்" என்றாள் குணவதி.

ரெஜினா டீச்சர் எட்டி, குணவதியின் மணிக்கட்டில் மாட்டியிருந்த சிவப்புக் கயிற்றை ஒரு இழு இழுத்தாள்.

படகின் இன்ஜின் நின்றுபோனது.

அந்தக் கயிற்றின் ஒரு முனை ஓட்டுகிறவர் கையில். மறுமுனை இன்ஜினில். ஓட்டுகிறவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், இன்ஜின் நிற்கும், படகு ஆளை விட்டுவிட்டு ஓடாது. முதல் நாளே டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஆனால் இப்போது யாரும் விழவில்லையே?

படகு வட்டக்கரை ஏரியின் நடுவில் சும்மா மிதந்தது.

"என்னக்கா சொன்னீங்க?" என்றாள் டீச்சர்.

"குரல் வராதுன்னு சொன்னேன்."

"ம்."

டீச்சர் கயிற்றைத் திரும்ப மாட்டினாள். கிளப்புங்க என்று கையைக் காட்டினாள்.

தப்பாக எதையோ பேசிவிட்டோம், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று குணவதி நினைத்துக்கொண்டாள்.

டீச்சர் அவளைவிட ஆறு வயது இளையவள். இவள் அவளை டீச்சர் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள். டீச்சர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று படகுக் கொட்டகையில் கேலி பேசுவார்கள்.

*

படகு வந்த கதையே வேடிக்கைதான்.

பொங்கலுக்கு ஒரு பீரோ வாங்கப் போனார்கள். பீரோவுக்கு ஒரு குலுக்கல் சீட்டு கொடுத்தார்கள். பேர் எழுதச் சொன்னபோது, புருஷன் ஏழுமலை வெளியில் பீரோவை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தான். கடைக்காரர் அவசரப்படுத்தினார். குணவதி தன் பேரையே எழுதிப் போட்டுவிட்டாள்.

முதல் பரிசு, ஐந்து பேர் உட்காரும் மோட்டார் படகு.

கரண்டு பில் மாமனார் பேரில். வீடு மூத்தார் பேரில். வண்டி புருஷன் பேரில். குணவதி பேரில் இருந்தது ஒரே ஒரு படகு.

மூத்தார் தனகோடி அன்றைக்கே வந்துவிட்டார்.

"போட்டை வச்சிக்கிட்டு நீ என்னம்மா பண்ணுவே? இந்தப் பொண்ணு பஸ்ஸுல இறங்கற இடம் வந்தா ஒரு குரல் குடுக்க மாட்டா. ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, வெயில்ல நடந்து வருவா. இவ போட்டு ஓட்டப் போறாளாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். குணவதியும் சேர்ந்து சிரித்தாள். உண்மைதானே.

ஏழுமலை லாரியில் நாக்பூர் கிளம்பிக்கொண்டிருந்தான். "அண்ணன் சொல்றபடி செய்" என்றான்.

படகுச் சங்கத்தில் ஒரு விதி. மாசக் கடைசிக்குள் படகின் சொந்தக்காரர் லைசென்ஸ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் படகை ஏரியைவிட்டு எடுத்துவிட வேண்டும்.

"பாஸ் பண்ணா உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் மூத்தார், பெரிய மனசாக. "பண்ணலேன்னா என் பேருக்குக் கையெழுத்துப் போட்டுடு."

சரி மாமா என்று குணவதி தலையை ஆட்டினாள். பாஸ் பண்ணுவாள் என்று அவர் நினைக்கவில்லை. அவளும்தான்.

ஆனால் மறுநாள் காலை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கால் தன்னால் ஏரிப் பக்கம் போனது.

*

எட்டாவதோடு படிப்பு நின்றவள். பாடம் என்றாலே பயம். ஆனால் இந்தப் பாடம் அவளிடம் ஒட்டிக்கொண்டது.

இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரில் படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்கு. சோறு வடிக்கும்போதும் அதையே முணுமுணுத்தாள். முடிச்சுப் போடுவதில் அவளுக்கு ஈடு இல்லை. ஜாக்கெட் துணிக்குக் கொக்கி வைத்துத் தைத்த விரல்கள். படகைக் கரையில் அணைப்பதைப் பார்த்து, கொட்டகைக்காரர்களே, "தொட்டில்ல புள்ளைய போடற மாதிரி போடுதே!" என்றார்கள்.

பரீட்சை வந்தது.

வாய்மொழிக் கேள்வி பத்துக்கும் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். பத்தும் சரி.

பிறகு படகு. அங்கே ஒரு பழக்கம் உண்டு. பாதி தூரத்தில், ஏற்றிவந்த ஆட்களில் ஒருவர் வேண்டுமென்றே எழுந்து நிற்பார். ஓட்டுகிறவர் அவரை உட்கார வைக்க வேண்டும். படகில் ஓட்டுகிறவர் பேச்சுத்தானே சட்டம்?

கூட வந்த படகுச் சங்கத்துக் கிளார்க் எழுந்து நின்றார்.

"அண்ணே, உக்காருங்க" என்றாள் குணவதி.

இன்ஜின் சத்தத்தில் அது அவள் காதுக்கே எட்டவில்லை.

"அண்ணே..."

கிளார்க் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, கையை விரித்து, கொக்கு மாதிரி ஒற்றைக் காலைத் தூக்கினார். நல்ல மனுஷர். அவள் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் தூக்கினார். தூக்கிய கால் கீழே வரவில்லை. ஆள் ஏரியில் இருந்தார்.

ஃபெயில்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை.

*

குணவதி கத்திப் பழகினாள்.

ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு. பத்து நாள், தினமும் அதற்குள் தலையை நீட்டி, "உக்காருங்க! உக்காருங்க!" என்று கத்தினாள். மிளகும் பனங்கற்கண்டும் மென்றாள். தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கரகரத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தாள்.

"தொண்டைக்கு என்னக்கா?"

"கத்திப் பாத்தேன்."

"யாரை?"

"கிணத்தை."

"கிணறு உக்காந்துச்சா?"

குணவதிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

படகைக் கிளப்பினார்கள். நடு ஏரியில் மனசு தாங்கவில்லை. "என்னால ஆவாது டீச்சர். வுட்டுடறேன். மாமாவுக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

டீச்சர் கயிற்றை இழுத்தாள். இன்ஜின் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"வுட்டுடறேன்னேன்."

"ம்."

"ஏன் டீச்சர், நான் என் கஷ்டத்தைச் சொல்லும்போதெல்லாம் இன்ஜினை நிறுத்தறீங்க? என் மேல கோவமா?"

டீச்சர் பதிலுக்கு ஒரு கேள்வி போட்டாள்.

"இந்தப் போட்டுல எல்லாரையும்விட சத்தமாப் பேசறது யாரு?"

குணவதி யோசித்தாள்.

"மாமா ஏறுனா, மாமாதான்."

டீச்சர் சிரிப்பதை அன்றைக்குத்தான் குணவதி பார்த்தாள். படகே ஆடியது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யோசிங்க, யோசிங்க" என்று சொல்லிக் கயிற்றை மாட்டிவிட்டாள்.

*

வெள்ளிக்கிழமை.

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பரீட்சை அதிகாரி கனத்த மனுஷர். அவரைக் கண்டால் கொட்டகையில் பீடியைக் கீழே போட்டு மிதிப்பார்கள். அவரும், போன தடவை நனைந்த கிளார்க்கும் ஏறினார்கள். கிளார்க் இந்த முறை ஏறும்போதே பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் கரையிலேயே நின்றுவிட்டாள். பரீட்சையில் டீச்சருக்கு இடமில்லை.

குணவதி ஆட்களை எண்ணினாள். லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்தாள். சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினாள். படகு அலுங்காமல் கிளம்பியது. வளைத்தாள், பின்னால் எடுத்தாள், மிதவையைச் சுற்றி வந்தாள். கிளார்க் டிக் டிக்காகப் போட்டுக்கொண்டே வந்தார்.

நடு ஏரி.

அதிகாரி, "ஸ்ஸ்... என்ன வெயிலு" என்றார். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைத் தட்டினார். கழற்றினார். மடித்துத் தனக்குக் கீழே போட்டு, மெத்தை மாதிரி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கிளார்க் குணவதியைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார்.

"சார்" என்றாள் குணவதி.

இன்ஜின் இரைந்தது.

"சார்..."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குணவதிக்குக் கிணறு ஞாபகம் வந்தது. கத்த வேண்டும். இப்போது கத்த வேண்டும். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது.

கரையைப் பார்த்தாள். டீச்சர் படகைப் பார்க்கக்கூட இல்லை. மிளகாய்த்தூள் தொட்டுக் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

பாவி, இந்த நேரத்தில் கொய்யாப்பழமா!

இன்ஜின் இரைந்தது. வேறு ஒன்றையும் கேட்கவிடாமல் இரைந்தது.

குணவதி தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

இழுத்தாள்.

ஏரி சட்டென்று பெரிதானது. எங்கோ ஒரு நீர்க்கோழி கத்தியது. படகின் வயிற்றில் தண்ணீர் தட்டியது. கிளார்க்கின் பேனா தாளில் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது.

"சார், ஜாக்கெட்டைப் போடுங்க" என்றாள்.

கத்தவில்லை. மகளிடம், முகம் கழுவிக்கிட்டு வா என்று சொல்வாளே, அந்தக் குரல்தான்.

அதிகாரி நிமிர்ந்தார். "என்னம்மா, வண்டி நின்னுபோச்சா? ரிப்பேரா?"

"இல்ல சார். நான்தான் நிறுத்துனேன்."

"ஏன்?"

"ஜாக்கெட்டு, சார்."

"எனக்கு நீச்சல் தெரியும்மா. நீ எடு வண்டியை."

அவள் எடுக்கவில்லை.

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். என் போட்டுல உக்காந்திருக்கீங்க."

கிளார்க்குக்குப் புரை ஏறியது.

"போடலேன்னா என்ன பண்ணுவே?"

குணவதி காற்று அடிக்கும் திசையைப் பார்த்தாள். கணக்குப் போட்டாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன் சார். காத்து கரைப் பக்கமாத்தான் அடிக்குது. பொழுது சாயறதுக்குள்ள போட்டு தானா ஒதுங்கிடும். தண்ணி பாட்டில் இருக்குது."

சொல்லிவிட்டு, சிவப்புக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

படகு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. வெயில் அடித்தது. கிளார்க் மேலே பறந்த கொக்கை எண்ணினார். ஒரே கொக்குதான், அதையே திரும்பத் திரும்ப எண்ணினார்.

கடைசியில் அதிகாரி பெருமூச்சு விட்டார். எழாமலே ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஜாக்கெட்டை உருவி, மாட்டிக்கொண்டார்.

"கொக்கி, சார்."

கொக்கியையும் போட்டார்.

இன்ஜின் கிளம்பியது.

அவர் வேண்டுமென்றே கழற்றினாரா, வெயில் தாங்காமல் கழற்றினாரா என்பது இன்றைக்குவரை ஒருவருக்கும் தெரியாது. கரையில் இறங்கியதும் தாளை வாங்கினார், என்னவோ எழுதினார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கிளார்க் தாளைத் திருப்பிக் காட்டினார்.

குணவதி அதை இரண்டு தரம் படித்தாள். மூன்றாவது தரம் படிக்க முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகுத்துறைப் பலகைமேல் தடதடவென்று ஓடினாள்.

"டீச்சர்! பாஸ்!"

டீச்சர் பாதிக் கொய்யாப்பழத்தை நீட்டினாள்.

"குரல் வந்துச்சாக்கா?"

"வரல, டீச்சர்."

"அப்புறம்?"

குணவதி கொய்யாவைக் கடித்தாள். காரம் உச்சிக்கு ஏறியது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

*

அப்போதுதான் அந்தப் பைக் வந்தது.

மூத்தார் தனகோடியின் பெரிய பைக். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் பாத்திரம் அதிரும். நேராகக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. பாஸா ஃபெயிலா என்று கேட்கவுமில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"கையெழுத்துப் போடும்மா, நேரமாச்சு! ஏழுமலைகிட்ட பேசிட்டேன்! போட்டை இன்னிக்கே என் பேருக்கு மாத்திடணும்!"

"மாமா, நான் பாஸ்..." என்றாள் குணவதி.

பைக் டுபுடுபுவென்று இடித்தது.

"என்னது?"

"போட்டு..."

"காதுல விழல! பேனா இந்தா! சீக்கிரம்! சத்தமா சொல்லித் தொலையேன்!"

கொட்டகை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் விரலில் ஒட்டிய மிளகாய்த்தூளைத் தட்டிவிட்டு, ஏரியைப் பார்த்தபடி நின்றாள்.

குணவதி பேனாவை வாங்கவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்தாள். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்துவிட்டாள். அந்தக் கையை நீட்டி, பைக்கின் சாவியைத் திருப்பினாள்.

சத்தம் அடங்கியது.

"இப்ப கேளுங்க, மாமா" என்றாள்.