செவலை மேடேறாத நாள்

செம்பக் கீழ வையி. ரெண்டு செம்புத் தண்ணி உள்ள போயிருச்சு, இன்னுமா? தலகாணிய இங்குட்டு இழு. கண்ண மூடு. அத்தை கதை சொல்லும்போது நடுவுல பேசக்கூடாது, தெரியும்ல? "ம்" மட்டும்தான் கொட்டணும். வேற ஒரு வார்த்தை வாயில இருந்து வந்துச்சு, கதைய அங்கனயே நிறுத்திட்டு லைட்ட அமத்திருவேன். சரியா?

ம். அப்படித்தான். என் அரசி.

ஒரு மலையில ஒரு வண்டி. ஊரு பேரு குழிக்காடு. ஊருக்கு முன்னாடி வண்டியச் சொல்லுறேனேன்னு பாக்காத, அந்த ஊர்ல வண்டிதான் பெரிய மனுசன். சுத்தி மலை, நடுவுல குழியில ஊரு. அரிசி வாங்கணும்னாலும் ஆசுபத்திரி போகணும்னாலும் ஒரே ஒரு மேட்ட ஏறித்தான் அந்தப் பக்கம் இறங்கணும். அதுக்குப் பேரு கருப்பு மேடு. அதுல ஏறுற வண்டி ஒன்னே ஒன்னுதான். செவலை. நாலு சக்கரமும் மண்ணப் பிடிச்சு இழுக்குற பிக்கப்பு வண்டி. முப்பத்தோரு வயசு அதுக்கு! உங்க அப்பனவிட மூத்தது. பெயிண்டு உரிஞ்சு, கதவுல ஒன்னக் கயித்தப் போட்டுக் கட்டி வச்சிருப்பாங்க. ஆனா ஒரு நாள் நடுவழியில நின்னதில்ல. ஒரு நாள்னா ஒரு நாள்!

ஏன் நிக்கல? வண்டிக்காரர் வீரணண்ணன் அப்படி. காலையில எந்திரிச்சு பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி வண்டிகிட்டத்தான் போவாரு. டயரக் குட்டுவாரு, டொம் டொம். ஆயில் பாக்குற கம்பிய உருவித் துடைச்சுப் பாப்பாரு. ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துவாரு, களக் களக் களக். அடியில படுத்துக்கிட்டு ஒவ்வொரு நட்டாத் திருகிப் பாத்து, கிரீஸ் வச்சு, வெளிய வரும்போது மூஞ்சி தெரியாது, பல்லு மட்டும்தான் தெரியும். பொண்டாட்டி பவுனுத்தாயி கத்தும், "என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கியாய்யா?"ன்னு.

ம் கொட்டு. ஆங்.

அப்புறம் இன்னொரு பழக்கம் உண்டு அந்த அண்ணனுக்கு. மேட்டுக்கு அடியில இலுப்பை மரம், அதுக்குக் கீழ ஒரு கருப்பசாமிக் கல்லு. அங்க வந்ததும் வண்டிய நிறுத்துவாரு. இறங்குவாரு. முன்சக்கரம் ஒன்னுகிட்டக் குனிஞ்சு கைய வைப்பாரு. அப்புறம் சுத்தி வந்து இந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கிட்டக் குனிஞ்சு கைய வைப்பாரு. ஏறி உக்காந்து மேட்டுல விடுவாரு, உர்ர்ர்ருன்னு செவலை ஏறிரும். மேடு தாண்டி அந்தப் பக்கம் சமதரைக்குப் போனதும் மறுபடி இறங்கி அதே மாதிரி குனிவாரு. பின்னாடி உக்காந்திருக்கிற சனமெல்லாம் என்ன நினைக்கும்? "பாருய்யா, எம்புட்டு பக்தி! சாமிகிட்ட உத்தரவு வாங்காம ஏறமாட்டாரு"ன்னு கன்னத்துல போட்டுக்கும். ஒருத்தி அவரு கை பட்ட இடத்துல சந்தனம் வச்சா. இன்னொருத்தி குங்குமம் வச்சா. அவரும் வாயத் தொறந்து ஒன்னும் சொல்லல. பதினாலு வருசமா!

ம். கால ஆட்டாத.

அப்போ ஒரு நா, முந்தின ராத்திரி பேய்மழை. காலையில வீரணண்ணன் ஒடிஞ்சு தொங்குன கிளைய வெட்டப் போனாரு. கிளைக்கு மேல மலைத்தேனீக் கூடு இருந்ததப் பாக்கல. அருவா சடக்குன்னு விழுந்துச்சு, கூடு கலைஞ்சுச்சு. சொய்ங்ங்ங்! ஆத்தாடி, மேகம் இறங்குன மாதிரி வந்துச்சாம். ஓடி வந்து வாசல்ல விழுந்தாரு பாரு, பவுனுத்தாயிக்குப் புருசன அடையாளம் தெரியல! கண்ணு ரெண்டும் மூடிப்போச்சு. ஒதடு பணியாரமா வீங்கிப்போச்சு. நாக்கு தடிச்சு வாய் நிறைஞ்சுபோச்சு. பேச்சே இல்ல. "ம்ம்... ம்ம்..."னு தொண்டையில இருந்து ஒரு சத்தம், அம்புட்டுத்தான். மூச்சு கொர்ர் கொர்ர்னு இழுக்குது. ஊர்ல மருந்துக் கம்பவுண்டரு ஒருத்தர் பாத்துட்டு, "தொண்டைக்குள்ள வீங்குது தாயி, மூச்சு அடைக்கிறதுக்குள்ள ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்க"ன்னுட்டாரு.

யாரு வண்டிய ஓட்டுறது? பவுனுத்தாயி தம்பி வைரவன் இருந்தான். டிராக்டர் ஓட்டுறவன். "நான் ஓட்டுறேன்க்கா"ன்னு ஏறிட்டான். பின்னாடி மெத்தையப் போட்டு அண்ணனப் படுக்க வச்சு, தலைய மடியில வச்சுக்கிட்டு பவுனுத்தாயி. கூட நாலஞ்சு சனம். செவலை ஒரே சாவியில டுப்புடுப்புடுப்புன்னு கெளம்பிருச்சு.

மேட்டுக்கு அடியில வந்தாச்சு. இலுப்பை மரம். வைரவன் வண்டிய நிறுத்தி இறங்கினான். மாமன் பண்ணுன மாதிரியே பயபக்தியாக் குனிஞ்சு, முன்சக்கரத்தத் தொட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டான். சுத்தி வந்து அடுத்த சக்கரத்தையும் தொட்டு ஒத்திக்கிட்டான். ஏறி, நாலு சக்கரத்துக்குன்னு இருக்கிற சின்னக் கியரு கம்பியையும் சரியா இழுத்தான். விட்டான் மேட்டுல.

ஏறுச்சு... ஏறுச்சு... பாதி மேட்டுல விர்ர்ர்ர்! பின்சக்கரம் மட்டும் சுத்துது, சேத்த வாரி இறைக்குது, வண்டி சொர்ர்ருன்னு பின்னாடி இறங்குது. செவலை! ஒரு நாள் நிக்காத செவலை! சனம் அப்படியே வாயப் பொத்திக்கிருச்சு. "என்னடா இது, மாமனுக்கு இப்படி ஆகவும் வண்டிக்கும் சீவன் போயிருச்சா?"ன்னு வைரவன் பொலம்புறான். பின்னாடி இருந்து வீரணண்ணன் "ம்ம்! ம்ம்!"ங்குறாரு. "வலியில முனகுறாரு, சீக்கிரம் பாருங்கடா"ன்னு ஒரு பெரியவர் சத்தம் போடுறாரு.

என்ன நீயும் ம்ம் ம்ம்னு அடிச்சுக்கிற? ஒரு தடவ கொட்டுனாப் போதும். நீ கேக்குறது தெரியுது.

அப்போ கூட வந்த மகராசி ஒருத்தி என்ன சொன்னா தெரியுமா? "திருஷ்டி! வண்டிக்குத் திருஷ்டி பட்டிருச்சு!"ன்னுட்டா. கோயிலுக்குன்னு முடிஞ்சு வச்சிருந்த எலுமிச்சம்பழம் நாலு, முந்தானையில இருந்து அவுத்துக் குடுத்தா. நாலு டயருக்கு அடியிலயும் வச்சு ஏத்துனான். பொச், பொச், பொச், பொச். மறுபடி மேட்டுல விட்டான். விர்ர்ர்ர்ர்! இந்தத் தடவ நேரா வழுக்கல, கோணலா வழுக்குச்சு. பின்சக்கரம் ஓரத்துக்கே போயிருச்சு. ஒரு கல்லு பேந்து உருளுது, கட கட கட கட... கட கட... எங்கயோ கீழ தொப்! ஐயோ, அந்தத் தொப்பு எம்புட்டு நேரங்கழிச்சுக் கேட்டுச்சு! சனமெல்லாம் குதிச்சு இறங்கிருச்சு. வண்டி உருளாம டயருக்கு அடியில கல்லக் கொண்டாந்து வச்சாங்க.

வீரணண்ணனுக்கு மூச்சு இன்னும் மோசம். ஆனா கைய மட்டும் தூக்கி, இப்படி, இப்படி, வட்டமா ஆட்டுறாரு. விரல மடக்கிக்கிட்டு, பாரு, இப்படிச் சுத்துறாரு. "ம்ம்! ம்ம்!" எல்லாரும் பாத்தாங்க. அந்தப் பெரியவர் கண்ணு கலங்கிட்டாரு. "இந்த நெலமையிலயும் பாருங்கய்யா, கருப்பனுக்குச் சூடம் சுத்தச் சொல்லுறாரு!"

எனக்கு இப்ப நினைச்சாலும் நெஞ்சு பதறுது, அரசி. ஒரு மனுசன் உசுரு போகப் போகுது, அவரு கையக் காட்டிக் காட்டிச் சொல்லுறாரு, சுத்தி நிக்கிறவக சூடத்தப் பத்த வக்கிறாக! தட்டு வேற தேடுறாக! வைரவன் சூடத்தச் சுத்துறான். அண்ணன் தலைய இங்குட்டும் அங்குட்டும் ஆட்டுறாரு, இல்ல இல்லைன்னு. "சாமி வந்திருச்சு"ங்குறா ஒருத்தி!

ஏய், ஏன் இப்படி முறுக்குற? பயமா? பயப்படாத, கிட்ட வா.

அப்போ நடந்துச்சு பாரு ஒன்னு. வீரணண்ணன் பொண்டாட்டி மடிய உதறிட்டுப் புரண்டாரு. வண்டியில இருந்து தொப்புன்னு சேத்துல விழுந்தாரு! கண்ணு தெரியல. முழங்கையால ஊந்துறாரு. சரக்... சரக்... தடவித் தடவி முன்சக்கரத்துக்கிட்டப் போறாரு. சனமெல்லாம் ஓன்னு அழுதுக்கிட்டே கும்பிடுது. கடைசியா சாமி கால்ல விழப்போறாருன்னு!

பவுனுத்தாயி மட்டும் கும்பிடல. புருசன் பின்னாடியே ஓடி அவரு கையவே பாத்துச்சு. அவரு கை சக்கரத்து நடுவுல இருந்த குமிழ்மேல போச்சு. சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்துச்சே, அந்தக் குமிழு. பிடிச்சாரு. திருகுனாரு.

கிறீச்... டக்!

கை தொங்கிருச்சு. மயக்கம்.

"ஆத்தாடி! இது திரும்புதுடா வைரவா! இவரு சாமி கும்பிடலடா, திருகியிருக்காருடா!" பவுனுத்தாயி போட்ட கூச்சல்ல மரத்துக் குருவியெல்லாம் பறந்துருச்சு. ஓடுச்சு அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு. முந்தானையால சந்தனத்த வழிச்சு எறிஞ்சுச்சு. ஒரு பக்கம் திருகுச்சு, அசையல. பல்லக் கடிச்சுக்கிட்டு மறுபக்கம் திருகுச்சு. கிறீச்... டக்!

அந்தக் குமிழு ரெண்டையும் திருகுனாத்தான் முன்சக்கரம் ரெண்டும் சேந்து இழுக்கும். இல்லைன்னா உள்ள கம்பிய எம்புட்டு இழுத்தாலும் முன்சக்கரம் சும்மா உருளும், அம்புட்டுத்தான். சமதரையில அது வேண்டாம், டீசல் குடிக்கும், கியரு பல்லு தேயும்னு அந்தண்டை போனதும் திருப்பி விட்டுருவாரு. இதத்தான் பதினாலு வருசமா நாங்க கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கோம்!

அண்ணனத் தூக்கிப் போட்டாங்க. வைரவன் விட்டான். நாலு சக்கரமும் மண்ணக் கவ்வுச்சு. உர்ர்ர்ர்ர்ர்! செவலை வழுக்கல, திணறல, போய் உச்சியில நின்னுச்சு. நின்னுச்சு என்ன, நிக்காமப் போச்சு ஆசுபத்திரி வாசல் வரைக்கும். ஊசி போட்ட டாக்டரம்மா சொன்னாங்களாம், "இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா நீங்க இங்க வந்து பிரயோசனமே இல்ல"ன்னு.

ரெண்டு நாள் கழிச்சு வீக்கம் வடிஞ்சுச்சு. பவுனுத்தாயி கேட்டுச்சு, "ஏய்யா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?" அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "மொத நாளே சொல்லலாம்னுதான் தாயி நிமுந்தேன். நிமுந்து பாத்தா, எல்லாரும் கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கும் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் எப்படிச் சொல்ல? வெக்கமாப் போச்சு."

கேட்டியா கதைய? வெக்கத்துல ஒரு உசுரே போகப் பாத்துச்சு. இப்ப அந்த வண்டியில ஏறுற அம்புட்டுப் பேரும் முறை வச்சு இறங்கித் திருகணும், பவுனுத்தாயி உத்தரவு. சந்தனம் வச்சா கைய ஒடிச்சிரும்.

ஒன்னு சொல்லட்டா? யார்கிட்டயும் சொல்லாத. அந்த எலுமிச்சம்பழத்தக் குடுத்த மகராசி யாரு தெரியுமா? நாந்தான். அந்த மனுசன் ம்ம் ம்ம்னு என் பக்கம் திரும்பித்தான் கைய ஆட்டுனாரு. எனக்கு உறைக்கல. வாயத் தொறந்து சொல்ல முடியாத ஆளு என்ன கேக்குதுன்னு ஒரு நிமிசம் யோசிச்சுப் பாக்காத கூமுட்ட நானு. இனிமே ஆயுசுக்கும் அந்தத் தப்பப் பண்ண மாட்டேன்னு அன்னைக்கே...

என்னடி? திரும்பவும் ம்ம் ம்முங்குற? கதைதான் முடிஞ்சிருச்சே, இப்பப் பேசலாம், பேசு. எதுக்கு அடிவயித்தக் காட்டுற?

அடி ஆத்தி! ஒன்னுக்கா? இம்புட்டு நேரமா அதுக்கா இந்த முறுக்கு முறுக்குன? எந்திரி, எந்திரி, ஓடு... பாயி என்ன ஈரமா இருக்கு? ஐயய்யோ, தலகாணி வரைக்கும்!

அழாத. அழாதடி என் தங்கம். தப்பு உம்மேல இல்ல, பேசக்கூடாதுன்னு சொன்னவ மேல. வா, வேற பாவாடை மாத்தி விடுறேன், இந்தப் பக்கம் காஞ்ச இடத்துல படு.

செவலையும் மேடேறிருச்சு, பாயும் நனைஞ்சிருச்சு, அத்தை கதை அம்புட்டுத்தான். தூங்கு.