மெஸ்ஸில் ஒரு குரு

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும், குறைந்தது தலையாவது நரைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் அந்த மகளிர் கல்லூரி விடுதிக்குப் போனால் ஏமாந்துபோவார்கள். அங்கே குருவுக்கு வயது இருபது. பெயர் இசக்கியம்மாள். பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். கல்லூரியின் கிராஸ் கன்ட்ரி என்கிற நெடுந்தூர ஓட்ட அணிக்கு அவள்தான் கேப்டன்.

குரு என்ற பட்டத்தைப் பெண்கள் கேலியாகத்தான் கொடுத்தார்கள். எதைக் கேட்டாலும் அவள் வாயால் பதில் சொல்வதில்லை. ஏதாவது செய்துவைப்பாள்.

ஒருத்தி கேட்டாள். "காலையில எந்திரிக்கவே முடியல இசக்கி. என்ன செய்ய?"

இசக்கி அவள் கையில் இருந்த போனை வாங்கினாள். தன் தலையணைக்கு அடியில் வைத்தாள். படுத்துத் தூங்கிவிட்டாள். மறுநாள் இரண்டு பேருமே சேவல் கூவும் முன் மைதானத்தில் நின்றார்கள்.

அப்புறம் கேலி போய்விட்டது. பட்டம் மட்டும் தங்கிவிட்டது.

சிஷ்யையின் பெயர் பெனிட்டா. நாகர்கோவில்காரி. எம்.எஸ்சி. தாவரவியல் முதல் வருடம். அதாவது குருவைவிட இரண்டு வயது மூத்தவள். ஆகவே குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். விநோதமான குருகுலம்தான், என்ன செய்வது.

பெனிட்டாவுக்கு ஓர் ஆசை இருந்தது. முதுகில் கல்லூரிப் பெயர் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகப் போட்டியில் ஓட வேண்டும். இதற்குமுன் படித்த கல்லூரியில் மைதானமே கிடையாது. கார் நிறுத்துகிற இடத்தைத்தான் மைதானம் என்று சொல்லிவந்தார்கள். இங்கே மைதானம் இருந்தது, அணி இருந்தது, டிரயல்ஸ் என்கிற தேர்வு ஓட்டத்தில் முதலில் வருகிற ஆறு பேருக்கு அதில் இடமும் இருந்தது. இரண்டு வருடப் படிப்பு. அதற்குள் ஓடினால்தான் உண்டு.

"பி.ஜி. அக்காவுக்கு எதுக்கு ஓட்டமும் சாட்டமும்?" என்று சில பெண்கள் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓடத்தான் முடியவில்லை. நன்றாகத்தான் தொடங்குவாள். கல்லூரிக்குப் பக்கத்துக் குளக்கரை தாண்டியதும் மூச்சு முட்டும், கண் இருட்டும். ஒரு நாள் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

உடம்பைத் தேற்றுகிறேன் என்று அவள் செய்யாத கூத்து இல்லை. போன் வீடியோவில் ஒரு மல்லன் சோறே விஷம் என்றான். சோற்றை விட்டாள். இன்னொரு அம்மாள் மத்தியானம்வரை பழம் தவிர எதையும் தொடாதே என்றாள். அதையும் செய்தாள். அறைத்தோழி எதையோ ஒரு பவுடரைப் பாலில் கலக்கிக் கொடுத்தாள். சாக்லேட் வாசனை வந்தது, வேறொன்றும் வரவில்லை. நடுவில் ஆய்வகம், ரெக்கார்டு, செமினார் என்று ஓடி, கேன்டீனில் ஒரு பப்ஸும் டீயுமாகப் பல பொழுது கழிந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் அவள் இசக்கியின் தட்டை உளவு பார்த்தாள். இப்படி ஓடுகிறவள் எதையோ ரகசியமாகத் தின்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம்.

ரகசியம் எதுவும் இல்லை. எல்லோரும் திட்டிக்கொண்டே சாப்பிடும் அதே சாம்பார். மற்றவர்கள் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிற அதே கீரை. இசக்கி எதையும் தள்ளமாட்டாள். போனை அறையிலேயே விட்டுவிட்டு வருவாள், உட்கார்ந்து மென்று சாப்பிடுவாள், வேண்டும் என்றால் எழுந்துபோய் இன்னொரு கரண்டி வாங்கிவருவாள். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பையும் விடமாட்டாள். மெஸ் புடலங்காய்க் கூட்டை அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். சாப்பாட்டை இப்படி மரியாதையாக நடத்துகிற ஒருத்தியை பெனிட்டா அதற்குமுன் பார்த்ததில்லை.

கடைசியில் பெனிட்டா நேராகவே கேட்டுவிட்டாள். மைதானத்தில், காலை ஓட்டம் முடிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபடி.

"இசக்கி, நான் என்னத்தச் சாப்பிடணும்? ஒரே ஒரு தடவ வாயத் திறந்து சொல்லு."

இசக்கி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, குழாயடியைக் காட்டினாள். அங்கே ஒரு குச்சிப் பெண் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சிப்ஸ் பாக்கெட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளயத் தெரியுமாக்கா?"

"மாரிக்கனி. ஃபர்ஸ்ட் இயர். புதுசா ஓட வந்திருக்கா."

"டிரயல்ஸ் வரைக்கும் அது உங்க பொறுப்பு. பாத்துக்கிடுங்க."

"நான் கேட்டது என்ன, நீ சொல்லுறது என்ன?"

குரு அதற்குள் பாதி மைதானம் போயிருந்தாள்.

பெனிட்டா அன்று முழுக்க முணுமுணுத்தாள். ஆனால் ஒப்புக்கொண்ட காரியத்தில் குறை வைக்கிறவள் இல்லை அவள். மறுநாள் காலை மாரிக்கனியின் போர்வையை உருவினாள்.

"எந்திரி. டிபன் சாப்பிடணும்."

"எனக்குக் காலையில எறங்காதுக்கா."

"எறங்கும். நான் பக்கத்துல இருக்கேன்."

மாரிக்கனி உப்புமாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பெனிட்டா மெஸ் பெண்ணிடம் பேசி ஓர் அவித்த முட்டை வாங்கிவந்தாள். தோலை உரித்துத் தட்டில் வைத்தாள். கடைசி வாய்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு மணியைப் பார்த்து, ஆய்வகத்துக்கு ஓடினாள். ஓடும்போது வாயில் ஒரு பிஸ்கட் இருந்தது.

சிப்ஸ் பாக்கெட்டுகள் மாரிக்கனியின் அலமாரியிலிருந்து காணாமல் போயின. அந்த இடத்தில் வேர்க்கடலையும் வாழைப்பழமும் வந்தன. பாசிப்பயற்றை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளைவிட்டதும் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுப்பாள் பெனிட்டா. தாவரவியல்காரி அல்லவா, பயறு முளைப்பதைப் பார்த்து அவள்தான் முதலில் சந்தோஷப்படுவாள். பார்ப்பாள், ஊட்டாத குறையாகக் கொடுப்பாள், தான் ஒரு பயறுகூட வாயில் போடமாட்டாள்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்க்கா."

"எங்க, பாட்டிலக் காட்டு."

சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் மாரிக்கனியை இழுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடப்பாள், ராத்திரி நேரத்துக்குத் தூங்கச் சொல்லி விளக்கை அணைப்பாள். ஒருநாள் அந்தப் பெண் கால் வலிக்கிறது என்றாள். பெனிட்டா அவளை உட்காரவைத்தாள்.

"இன்னைக்கு ஓட வேண்டாம். உடம்பு ஓய்வு கேக்குதுல்ல, குடு."

"அப்ப டிரயல்ஸு?"

"ஒரு நாள் படுத்தா டிரயல்ஸ் ஓடிப்போகாது."

அன்று பெனிட்டாவுக்குத் தலைவலி. அவள் ஓடினாள்.

ஆச்சரியம் என்னவென்றால் மாரிக்கனிக்குப் பசி வந்துவிட்டது. தானாக எழுந்தாள். தட்டை நீட்டி இன்னொரு இட்லி கேட்டாள். வகுப்பில் தூங்கி விழுகிறவள் என்று பெயர் வாங்கியிருந்தவள், முன் வரிசையில் உட்கார்ந்து வாத்தியாரம்மாவிடம் கேள்வி கேட்டாள். குளக்கரை தாண்டியும் மூச்சு வாங்காமல் ஓடினாள். அதைப் பார்த்து பெனிட்டாவுக்குக் கண் நிறைந்துபோனது. இன்னொருத்தி தேறுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட முடிகிற மனசு எல்லோருக்கும் வாய்க்காது.

டிரயல்ஸ் நாள் வந்தது. கல்லூரி கேட்டிலிருந்து குளத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கேட்டுக்கு வர வேண்டும். பி.டி. மேடம் விசில் ஊதினார்.

முதலில் இசக்கி வந்தாள். அதில் யாருக்கும் வியப்பில்லை. பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்றாவதாக மாரிக்கனி வந்தாள், சிரித்துக்கொண்டு. பெனிட்டா கேட்டுக்கு ரொம்ப முன்னாலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஆறாவது பெண் அவளைத் தாண்டிப் போனாள். மிச்ச தூரத்தை அவள் நடந்தே வந்தாள்.

பி.டி. மேடம் ஆறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினார். மாரிக்கனி மட்டும் நிற்காமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தேடிய ஆள் அங்கே இல்லை.

மத்தியானம் பெனிட்டா மெஸ்ஸுக்கு வரவில்லை. இசக்கி தட்டில் சோறும் குழம்பும் பொரியலும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பெனிட்டா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இசக்கி தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

பெனிட்டா எழுந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன் இசக்கி. அதுக்கு நீ பதில் சொல்லல. ஊரான் வீட்டுப் பிள்ளைய என் தலையில கட்டின. இப்ப என் இடம் அவளுக்குப் போயிட்டு."

"ஆமாக்கா."

"இப்பிடி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது." இசக்கி கொஞ்சம் தடுமாறினாள். அவள் தடுமாறி யாரும் பார்த்ததில்லை. "அவளுக்கு உரிக்கும்போது ஒரு முட்டையாவது நீங்களும் தின்பீயன்னு நெனச்சேன். அவள ஒக்கார வைக்கும்போது நீங்களும் ஒக்காருவீயன்னு நெனச்சேன். நெனப்பு தப்பாப் போச்சு. மன்னிச்சுக்கிடுங்க."

பெனிட்டா அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவளுக்குச் சண்டை போட ஆளில்லாமல் போய்விட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மாரிக்கனி என்ன செய்யுதா?"

"மெஸ்ஸுல இருக்கு. அக்கா வராம சாப்பிட மாட்டேன்னு ஒக்காந்திருக்கு."

"கிறுக்கி. ஓடிட்டு வந்து வெறும் வயித்துலயா இருக்கா? உடனே ஏதாவது உள்ள போகணும். போய் ஒரு பழமாவது குடு அவளுக்கு."

இசக்கி நகரவில்லை.

"ஓடினவ உடனே சாப்பிடணும்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்க்கா?"

"இதுல தெரிய என்ன இருக்கு? உழைச்ச உடம்புக்குக் குடுக்கணும்லா."

"முட்டை, பயறு?"

"வளர்ற பிள்ள, சத்து வேணும்ல."

"கால் வலிச்ச அன்னைக்கு ஓட வேண்டாம்னீங்களே?"

"வலிக்கிற காலோட எப்பிடி ஓடச் சொல்ல முடியும்? பாவம்லா."

"நேரத்துக்குத் தூங்கச் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான இசக்கி. நீ என்னமோ பெரிசா..."

பாதியில் நிறுத்திவிட்டாள். ஸ்டூலில் இருந்த தட்டைப் பார்த்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. கீழே மெஸ்ஸில் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"அடுத்த வருஷம் நீ இருக்கமாட்ட," என்றாள் மெதுவாக. "யாரக் கேப்பேன் நான்?"

இசக்கி எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"இன்னைக்கு மத்தியானத்துலேருந்து இன்னொரு பிள்ளய உங்க பொறுப்புல விடுதேன்க்கா."

"இன்னொண்ணா? யாரு?"

"பெனிட்டான்னு பேரு. நாகர்கோவில் பக்கம். காலையில சாப்பிடாது, கேட்டா லேப் இருக்குன்னு சொல்லும். தலை வலிச்சாலும் ஓடிக்கிட்டே கெடக்கும். ரொம்ப நல்ல பிள்ள. பாத்துக்கிட ஆளில்ல."