பிடிக்க வராத கை

உப்பளங்களை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் தவசிமணி உபதேசியாராக இருந்தார். குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, நோயாளிகளைப் பார்ப்பது, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது எல்லாம் தவசிமணிதான்.

அந்த வருஷம் பங்குனியில் அவர் மனைவி பாக்கியத்தாய்க்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, ஆனால் நரம்பெல்லாம் தளர்ந்துபோய், கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மழைக்காலத்தில், மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்த ஒரே மகன் ரூபன் சாரம் சரிந்து இறந்துபோனான். பெட்டியில் வந்த மகனுக்கு அடக்க ஜெபத்தைத் தவசிமணியே செய்தார். விசுவாசம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊர் பேசிக்கொண்டது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு அவருக்கு ஜெபம் வரவில்லை.

ஆலயத்தில் வாய் பழக்கத்தில் சொன்னது. தனியாக முழங்காலில் நின்றால் ‘ஆண்டவரே’ என்பதற்கு மேல் ஒன்றும் எழும்பவில்லை. கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோனது. கர்த்தரைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று நாலு பேருக்குச் சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது தன்னை நினைத்தே கூசியது.

ஒருநாள் டவுனுக்கு மருந்து வாங்கப் போனவர், பஸ் ஸ்டாண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏதோ ஒரு பஸ் புறப்படத் தயாரானது. எழுந்துபோய் அதில் ஏறிக்கொண்டார். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டபோது அவருக்குப் பதில் தெரியவில்லை. கீழே இறங்கி நின்றார். வீட்டில் ஒருத்தி தண்ணீருக்குக்கூடத் தன்னை எதிர்பார்த்துப் படுத்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் சனிக்கிழமை. பக்கத்து வீட்டு அம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு, லீதியாள் டீச்சரைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் போனார்.

லீதியாள் அவருக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தவர். வயதில் அவரைவிடச் சின்னவர். தவசிமணி மில் வேலையை விட்டுவிட்டு, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு படிக்க வந்தவர். இத்தனை வருஷமும் மனதில் ஒரு கேள்வி எழுந்தால் டீச்சரிடம்தான் கொண்டுபோவார். டீச்சர் பல தடவை பதிலே சொன்னதில்லை. இருந்தாலும் போவார்.

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னார். பஸ்ஸில் ஏறியதையும் மறைக்கவில்லை. நாளை ஆராதனை முடிந்ததும், இந்த ஊழியத்துக்கு நான் தகுதியானவன் இல்லை என்று சபையாரிடம் சொல்லிவிட்டு விலகப் போவதாகச் சொன்னார்.

கடைசியில் தவசிமணி கேட்டார்: “அவரப் பிடிச்சுக்க முடியல டீச்சர். பிடி விட்டுப்போச்சு. விட்டவன் மேல கர்த்தருக்குக் கோபம் இருக்காதா?”

டீச்சர் எழுந்தார். பாக்கியம் அக்காவைப் பார்த்து நாளாகிவிட்டது, கூடவே வருகிறேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இருவரும் பஸ் ஏறினார்கள். வீட்டுக்கு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. டீச்சரைக் கண்டதும் பாக்கியத்தாய்க்கு முகம் மலர்ந்தது. படுத்தபடியே எப்படிப் பேசுவது, தன்னை உட்கார வைக்கும்படி கணவரிடம் சொன்னார்.

தவசிமணி வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். கட்டிலோரம் குனிந்து, ஒரு கையை மனைவியின் முதுகுக்கும் மறு கையை முழங்கால்களுக்கும் அடியில் கொடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினார். பாக்கியத்தாயின் தலை அவர் தோளில் சாய்ந்தது. கைகள் இரண்டும் துணிபோலத் தொங்கின. ஜன்னலோர நாற்காலிக்கு அவர் அடிமேல் அடி வைத்துப் போகும்போது, பாக்கியத்தாய் அவர் தோளில் கிடந்தபடியே, டீச்சருக்குக் காப்பி போடப் பால் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இருக்கிறது என்று சொல்லி, தவசிமணி அவரை நாற்காலியில் சாய்த்து, இரு பக்கமும் தலையணை வைத்தார்.

லீதியாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தூக்கும்போது பயமா இருக்காதாக்கா?”

“மொதல்ல ரொம்பப் பயந்தேன் டீச்சர். கை வெறுமனே தொங்குதே, எதப் பிடிக்கன்னு கண்ண இறுக்கி மூடிக்குவேன். இப்ப அதெல்லாம் இல்ல. இவ்வோதான் பிடிச்சிருக்காவளே.”

டீச்சர் தவசிமணியின் பக்கம் திரும்பினார்.

“அக்கா உங்கள ஒரு தடவகூடப் பிடிச்சுக்கல, கவனிச்சீங்களா? பாரம் முழுக்க உங்க மேலதான். கோபம் வரலையா?”

தவசிமணிக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. டீச்சர் முகத்தை நேராகப் பார்த்தார். அவரிடம் ஒருநாளும் பேசாத குரலில் பேசினார்.

“அவ கைக்கு வராது டீச்சர். பிடிக்க வராத கையப் பார்த்து யாராவது கோபப்படுவாங்களா? நான்தான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கணும்.”

“கர்த்தரும் அதத்தான் சொல்றாரு, உபதேசியாரே.”

தவசிமணி மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். லீதியாள் எழுந்துபோய், தானே அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினார். நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்காமலே சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் ஆராதனையில் ஜெப வேளை வந்தது. தவசிமணி முழங்கால் போட்டார். சபையும் முழங்கால் போட்டுக் காத்திருந்தது. அவர் வார்த்தை எதையும் தேடவில்லை. கண்களை மூடி, கைகளைத் தொங்கவிட்டு, பேசாமல் இருந்தார்.