சப்பரம் தூக்கிகள் யோகா படித்தது

கொம்மடிக்குளத்தில் சாமி சப்பரம் தூக்க நான்கு பேர் உண்டு. தலைவர் ஆவுடையப்பன். அவருக்குக் கீழே பலவேசம், இசக்கி, சுடலைமுத்து. நால்வருக்கும் நல்ல தோள். அதைவிட நல்ல வயிறு.

அந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழா நெருங்கியபோது சிக்கல் வந்தது. சப்பரத்தைத் தூக்க வேண்டுமென்றால் முதலில் குனிய வேண்டும். வயிறு குனிய விடவில்லை. "பக்கத்து ஊர் ஆளுகளைக் கூப்பிட வேண்டியதுதான்" என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்தது. அன்று ராத்திரி ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் தடவை வாங்கிய சோறு.

மறுநாளே டவுனில் இருக்கும் யோகா டீச்சர் கோமளாவுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வர்றேன். எல்லாரும் வெறும் வயிற்றோட வாங்க" என்றார் டீச்சர்.

ஆவுடையப்பன் ஆட்களைக் கூட்டி யோசித்தார்.

"வெறும் வயிறுன்னா சட்டை கூடாது. அது சரி. துண்டு?"

"துண்டு தோள்ல கிடக்கும் அண்ணாச்சி. டீச்சர் தோளைப் பத்திப் பேசலையே" என்றான் பலவேசம்.

"அரைஞாண் கயிறு?"

"அது இடுப்புல கிடக்கு."

"நம்மள்ல யாருக்கு வே இடுப்பு இருக்கு?"

ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். கயிற்றை அவிழ்த்து வைத்தார்கள். பிறகு ஆளுக்குப் பன்னிரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, வயிற்றில் ஒரு நூல்கூட இல்லாமல் கோயில் மண்டபத்துக்கு வந்து நின்றார்கள்.

டீச்சர் கொஞ்ச நேரம் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிட்டுட்டா வந்தீங்க?"

"பின்னே? பட்டினியா வந்து மயங்கி விழுந்தா உங்களுக்கில்லா கெட்ட பேரு" என்றார் ஆவுடையப்பன்.

"சரி, லேசா ஆரம்பிப்போம். வலது காலைத் தூக்குங்க."

தூக்கினார்கள்.

"நல்லது. இப்ப இடது கால்."

அதையும் தூக்கினார்கள். மண்டபத்துப் புறாக்கள் மொத்தமாகப் பறந்து போயின.

"ஐயையோ! வலது காலைக் கீழே வச்சிட்டுத்தான் இடது கால்!"

"அதை நீங்க சொல்லவே இல்லியே டீச்சர்" என்றார் ஆவுடையப்பன், தரையில் கிடந்தபடி, மிகவும் வருத்தமாக.

விழுந்தவர்களை எழுப்புவது பெரிய வேலையாகத் தெரிந்தது டீச்சருக்கு. "அப்படியே படுங்க. இது சவாசனம். சவம் மாதிரி கிடக்கணும். நான் எழுப்புற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது, எந்திரிக்கக் கூடாது" என்றார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை. பேசிக்கொண்டே குளத்தங்கரைப் பக்கம் நடந்து போய்விட்டார்.

இசக்கியின் மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, கொசுவை அடிக்கலாமா?"

"சவம் கொசு அடிக்குமாலே?"

"சவத்தைக் கொசு கடிக்குமா?"

"கொசுவுக்கு இன்னும் தகவல் போயிருக்காது" என்றார் ஆவுடையப்பன், மூடிய கண்ணோடு.

வீட்டுச் சாவி வாங்க அவர் மனைவி கனியம்மாள் வந்தாள். "என்னங்க" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை.

"மதினி, அண்ணாச்சி சவமா கிடக்காரு. பேச மாட்டாரு" என்றான் பலவேசம்.

"நீங்க?"

"நானும் சவம்தான்."

"அப்ப நீங்க மட்டும் எப்படிப் பேசுதீங்க?"

"துக்கத்தைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?"

கனியம்மாளுக்கு அது நியாயமாகப் பட்டது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஊர் கூடியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பலவேசம் பொய் சொல்கிற ஆளில்லை.

"தூக்குற நாலு பேரும் போயிட்டா, இவங்களை யாரு தூக்குறது?" என்று ஊர்த் தலைவர் கவலைப்பட்டார்.

"ரெண்டு பேர் எந்திரிச்சு ரெண்டு பேரைத் தூக்கலாம். பாதி வழியில மாத்திக்கிடலாம்" என்றான் சுடலைமுத்து.

"டீச்சர் எழுப்பாம எந்திரிக்கக் கூடாது" என்று ஆவுடையப்பன் அடக்கினார்.

கடைசியில் பக்கத்து ஊர் ஆட்கள்தான் நான்கு பாடையோடு வந்தார்கள். அவர்கள் நடை ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தன் கால் முன்னே, ஒருத்தன் கால் பின்னே. "தோளை மாத்துங்கலே! சாமியா இருந்தா இப்படிக் குலுக்குவீங்களா?" என்று படுத்தபடியே அதட்டினார்.

"இந்த ஊர்ச் சவத்துக்கு வாய் ஜாஸ்தி" என்று அவர்கள் முணுமுணுத்தார்கள்.

சுடுகாட்டு வாசலில் டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்து, "எந்திரிங்கய்யா!" என்று கத்தினார். நால்வரும் எழுந்து கும்பிட்டார்கள். டீச்சர் அதே ஓட்டத்தில் பஸ் ஏறினார். அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

கொடைக்குச் சப்பரத்தைப் பக்கத்து ஊர்க்காரர்களே தூக்கட்டும், செத்தவர்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று ஊர் அங்கேயே தீர்மானித்தது. ஆவுடையப்பனும் மறுக்கவில்லை. ஆனால் அவர் மனசில் வேறொன்று உறுத்தியது.

"நம்ம துக்கத்துக்கு இத்தனை பேர் வந்திருக்காங்க. பசியோட அனுப்பலாமா?"

நால்வரும் குளித்துவிட்டு வந்து உலை வைத்தார்கள். பந்தி நடந்தது. ஊர்த் தலைவர் சோற்றைப் பிசைந்தபடி பெருமூச்சு விட்டார். "ஆவுடையப்பன் இருந்திருந்தா நம்மளைக் கவனிக்கிற கவனிப்பே வேற."

எதிரே நின்ற ஆவுடையப்பன் சோற்று வாளியை இடது கைக்கு மாற்றினார். "தங்கமான மனுஷன்" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்காகவாவது இன்னொரு கரண்டி வாங்கிக்கோங்க" என்றார்.