யவனன் வாயிலிருந்த வெள்ளிக்காசு

முன்னொரு காலத்திலே மணல்முகம் என்ற துறைமுகப் பட்டினத்தை ஒரு ராஜா ஆண்டு வந்தான். நீச்சல்கூடத் தெரியாது, ஆனால் தனக்குத் தானே 'கடலடக்கி' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். யவனக் கப்பல்களில் வரும் வெள்ளிக்காசெல்லாம் தன் கருவூலத்துக்கே சேரவேண்டும் என்று ஒருநாள் திடீரென்று சட்டம் போட்டான். ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

மிளகு ஏற்ற வந்து, கொற்றி என்ற பரதவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட தியோன் என்ற யவனன் காய்ச்சலில் இறந்துபோனான். புதைக்கப் போகும் நேரத்தில் சுங்கத் தலைவன் அந்துவன் வந்து நின்றான். அமைச்சர் மாசாத்தன் மேல் ராஜாவுக்கு இருந்த பிரியத்தைப் பார்த்து வயிறெரிந்தவன் அவன். தானும் நல்ல பெயர் வாங்க அலைந்துகொண்டிருந்தான். பிணத்தின் வாயைத் திறந்தான். நாக்கடியில் ஒரு வெள்ளிக்காசு. ஒளித்துவைத்த காசு என்று பிடுங்கிக்கொண்டு, கொற்றியையும் சபைக்கு இழுத்து வந்தான். பிணம் கடற்கரை வெயிலில் கிடந்தது.

அது புருஷனுடைய ஊர் வழக்கம் என்று அவள் அழுதாள். காசில்லாமலே புதை என்றான் ராஜா.

மாசாத்தன் எழுந்தார். போன மாதம் காலமான உங்கள் தாயாரின் வாயில் என்ன போட்டீர்கள் என்று அந்துவனைக் கேட்டார்.

"வாய்க்கரிசி. வேறென்ன போடுவார்கள்?"

"அதற்குச் சுங்கம் கட்டினீர்களா?"

சபை சிரித்தது. வழியில் பசிக்கக் கூடாதென்று பெற்றவளுக்குப் போட்டதற்குமா சுங்கம் என்று அந்துவன் கேட்டான்.

"இவளும் வழிக்குத்தான் போட்டாள், அரசே. செத்தவர்களை ஆறு கடத்திவிட யவனர்களுக்கு ஒரு தோணிக்காரன் உண்டாம். காசில்லாதவன் இக்கரையிலேயே நிற்க வேண்டியதுதானாம்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. அமைச்சருக்கு முத்துமாலை போட்டான். பாடையில் முதல் தோள் அந்துவன் கொடுக்க வேண்டும் என்றான். காசைத் தானே கொற்றியிடம் கொடுத்து, வேறென்ன வேண்டும் என்று கேட்டான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க, சாமி. நான் செத்தா எனக்கு வாய்க்கரிசிதான் போடுவாங்க. அரிசியோட போறவங்களும் காசோட போறவங்களும் ஒரே இடத்துக்கா போய்ச் சேருவாங்க?"

ராஜா அமைச்சரைப் பார்த்தான். எதற்கும் பதில் வைத்திருக்கும் மாசாத்தன் கொற்றியையே திரும்பிப் பார்த்தார்.

கொற்றி கரைக்குப் போய்ப் புருஷன் வாயில் காசை வைத்தாள். பிறகு அதன் மேலேயே மூன்று முறை அரிசியும் போட்டாள்.

"எந்தக் கரையில எறங்கினாலும் அங்கேயே நில்லுங்க" என்றாள்.